சீனப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன்

முடிவெட்டும் கடையின் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து ஆனபோது எல்லாம் கெடத் தொடங்கியது. அதுவரை நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரச் சீனர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் மடியிலிருந்த படப்புத்தகத்தை எடுத்து, முன்பின்னாகத் திருப்பி, மறுபடி என் கையில் வைத்தார்.

"சாலா லா, தங்கச்சி. சீனா புக்கு இங்கேருந்து படிக்கணும்."

சாலா என்றால் தப்பு. எனக்கு அப்போது எட்டு வயது.

பல வருடங்களாக நினைக்காத இந்த நாளை, போன வாரம் என் மகள் நினைக்க வைத்துவிட்டாள். பதினான்கு வயதுக்காரி. ஈப்போவில் ஒரு கடையிலிருந்து தடிமனான படக்கதைப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். காமிக்ஸ்தானே, சிரிப்பாக ஏதாவது இருக்கும் என்று அடுப்படியில் நின்றபடியே புரட்டினேன். சிரிப்பு எங்கேயும் இல்லை. பேச்சே இல்லை. ஒரு வீடு பக்கத்துக்குப் பக்கம் காலியாகிக்கொண்டே போகிறது. முதலில் நாற்காலிகள், பிறகு செருப்புகள், பிறகு ஆட்கள். பாதியில் மூடிவிட்டேன். பிள்ளைக்கு மனதில் என்ன குறையோ, இதையெல்லாம் ஏன் தேடிப் போகிறாள் என்று பயம் வந்தது.

"அழுவுறதுக்குன்னே காசு குடுத்து வாங்குவாங்களா?" என்று சத்தம் போட்டேன்.

"நீங்க முழுசாவே படிக்கல லா மா. பாதியிலயே பயந்துட்டீங்க" என்றாள் அவள்.

அவள் சொன்னது சரிதான். புத்தகம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. அவளிடம் திருப்பிக் கொடுக்கவுமில்லை, மிச்சத்தைப் படிக்கவுமில்லை. படம் போட்ட புத்தகத்துக்கு நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று யோசித்தபோதுதான் அந்தக் கடை நினைவுக்கு வந்தது.

எங்கள் ரப்பர் தோட்டம் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளி இருந்தது. இன்று அங்கே பால்மரங்கள் கிடையாது, வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. அம்மா மரம் சீவினார், அப்பா லாரி ஓட்டினார். அம்மாவுக்கு இடுப்பு வலி கண்டதும், தோட்டத்து மருத்துவரான டிரஸ்ஸர் ஐயா பார்த்துவிட்டு, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம், அம்மா பாப்பா வாங்கப் போயிருக்காங்க என்றார். எங்கள் பகுதியில் அப்படித்தான் சொல்வார்கள். வாங்கப் போனால் வாங்கிக்கொண்டு வருவார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தம்பியா தங்கச்சியா என்பதை மட்டும் கடையில் இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பது வாசலில்தான் தெரிந்தது. சாலைக்கு எதிரே அந்த முடிவெட்டும் கடை. அப்பா அங்கேதான் முடி வெட்டிக்கொள்வார். கடை முதலாளியான சீனரை எல்லாரும் கூப்பிடுவதுபோல் நாங்களும் தவுக்கே என்றே கூப்பிடுவோம். என்னை அவரிடம் ஒப்படைத்துவிட்டு அப்பா ஓடினார்.

தவுக்கே எனக்கு ஒரு ரொட்டியைக் கொடுத்து, காத்திருப்பவர்களுக்காகப் போட்டிருந்த நீள பெஞ்சியைக் காட்டினார். அதன் ஓரத்தில் சீனப் படக்கதைப் புத்தகங்கள் கிடந்தன. எனக்குத் தெரிந்த படக்கதை தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்தில் வருவது. அதில் துப்பறிபவர் வருவார், புலி வரும், எல்லார் வாயிலிருந்தும் பலூன் கிளம்பும். நான் எடுத்த புத்தகத்தில் பலூனே இல்லை. பக்கத்துக்கு ஒரு படம், தூரிகையால் கறுப்பு மையில் வரைந்தது. மூலையில் எங்கேயாவது இரண்டு மூன்று சீன எழுத்து. அவை என் கண்ணுக்கு மழைத்துளிபோல இருந்தன, அதனால் தொந்தரவு செய்யவில்லை.

நான் தமிழ்ப் புத்தகத்தைத் திறப்பதுபோல் திறந்தேன். முதல் படத்தில், கடலோரக் கிராமத்து வீட்டின் வாசலில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். அடுத்து ஒரு படகு. அதில் ஓர் ஆள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு மழை. பிறகு இரண்டு பக்கம் முழுக்க வெறும் கடல், கறுத்துப்போன கடல். ஒரு படத்தில் வெறும் தண்ணீரை மட்டும் வரையலாம் என்பதே எனக்குப் புதிது. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கடுத்த பக்கத்தில் தண்ணீரிலிருந்து ஒரு சின்னக் கை வந்தது. அதற்கடுத்ததில் ஒரு பையன் கடலிலிருந்து மேலே வந்து படகில் விழுந்தான். பிறகு வெயில். அப்பனும் பிள்ளையும் சிரிக்கிறார்கள். படகுத்துறையில் அவள் சோற்றுத்தூக்கோடு நிற்கிறாள். கடைசியில் மூன்று பேரும் ஒரே கொசுவலைக்குள் தூங்குகிறார்கள்.

பிள்ளை இல்லாதவர்களுக்குக் கடல் பிள்ளை கொடுத்த கதை. அம்மாவுக்கும் இன்று இப்படித்தான் நடக்கப்போகிறது என்று எனக்குப் பட்டது. இரண்டாவது முறை படிக்க ஆரம்பித்தபோதுதான் தவுக்கே வந்து திருப்பிக் கொடுத்தார்.

அவர் சொன்னபடி மறுபக்கத்திலிருந்து படித்தேன். அதே படங்கள். ஆனால் கொசுவலைக்குள் இருந்தவர்கள் எழுந்து கடலுக்குப் போனார்கள். பையன் தண்ணீருக்குள் போனான். கை போனது. கடைசியில் அவள் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாள், அதற்குப் பிறகு அட்டைதான்.

பெரியவர்கள் வேறு விதமாக நினைத்திருப்பார்கள். எட்டு வயதில் எனக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. இரண்டு கதையும் உண்மை. யார் எந்தப் பக்கத்தில் முடிக்கிறார்களோ, அது நடக்கும். கடைசியாகப் படித்தது நான். அதுவும் தப்பான பக்கத்தில் முடித்துவிட்டேன். அப்பா திரும்பி வருவதற்குள் என் பக்கத்திலிருந்து இன்னொரு முறை படித்தாக வேண்டும்.

அந்த அவசரத்தில் ஒன்றுக்கு முட்டியது. கடையின் பின்கட்டுக்குப் போய்விட்டு ஓடி வந்தபோது புத்தகம் பெஞ்சியில் இல்லை.

முடிவெட்டும் நாற்காலியில் ஒரு பருத்த சீனர். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து கருவாடு கொண்டுவந்து தோட்டம் தோட்டமாக விற்பவர், எங்களுக்கும் தெரிந்தவர். கழுத்திலிருந்து முழங்கால்வரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. துணிக்கு வெளியே நீண்ட இரண்டு கைகளில் என் புத்தகம். அவர்கள் வழக்கப்படி சரியான பக்கத்திலிருந்து, எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். படகுத்துறையைத் தாண்டிவிட்டார். வெயிலைத் தாண்டிவிட்டார்.

"அங்கிள், ஜாங்கான்! வேணாம், பிரட்டாதீங்க!" என்று அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"அயோ! என்னா வேணாம்? நான் படம்தானே பாக்குறேன், உன் ரொட்டியவா தின்னுட்டேன்?"

"தலைய ஆட்டாத லா," என்று தவுக்கே அவரை அதட்டினார். "காது போயிரும், அப்புறம் என்னைக் கேக்காத."

"இந்தத் தங்கச்சி கைய விட்டாத்தானே!"

இருவரும் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன். அழுகைக்கு நடுவில், அம்மா எதிரே ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பாப்பா வரப்போகிறது, நீங்கள் அந்தப் பக்கம் முடித்தால் வராது என்று தமிழும் மலாயுமாகச் சொன்னேன். என்ன புரிந்ததோ, கருவாட்டுக்காரர் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியில் தவுக்கேயைப் பார்த்தார். தவுக்கே சாலைக்கு எதிரே பார்த்தார். கத்தரிக்கோல் சத்தம் நின்றுபோனது.

கருவாட்டுக்காரர் அந்தக் கறுத்த கடலில் விரலை வைத்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் புரட்டினார். ஒரு பக்கத்தையும் விடவில்லை, எனக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு புரட்டினார். கை வந்தது. பையன் வந்தான். வெயில், படகுத்துறை, கொசுவலை. புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார்.

"நா, இந்தா. சுடா பாலிக் லா. எல்லாரும் வூட்டுக்கு வந்தாச்சி."

இனி யாரும் திறக்கக்கூடாது என்று புத்தகத்தைப் பெஞ்சியில் வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அதன்பின் கடைக்கு வந்த இரண்டு பேர் வேறு புத்தகம் எடுத்துக்கொண்டார்கள். தவுக்கே குடிக்கக் கொடுத்த மைலோவைக்கூட எழுந்து போய் வாங்கவில்லை, உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். இத்தனை பொறுப்பாக அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எதையும் நான் காத்ததில்லை.

கருவாட்டுக்காரருக்குப் பாதித் தலை முடிந்திருந்தபோது அப்பா சாலையைக் கடந்து வந்தார். அவர் கைகளில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதை ஒரு கையில் இடுக்கிக்கொள்ளாமல், இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தார்.

"பாப்பா வாங்கியாச்சாப்பா?" என்றேன்.

"அம்மா நல்லா இருக்காங்க," என்றார் அப்பா.

அது போதும் எனக்கு. நான் புத்தகத்தை விட்டுக் குதித்து இறங்கினேன். கருவாட்டுக்காரர் வெள்ளைத் துணியோடு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், பாதித் தலையோடு ஏன் எழுந்தார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தவுக்கே அலமாரியிலிருந்து துவைத்து மடித்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து, பெட்டியின் மேல் விரித்து, நான்கு பக்கமும் செருகிவிட்டார். பெட்டிக்குள் பாப்பாவுக்கு வாங்கிய சட்டைகள் இருக்கும், வெயில் பட்டால் நிறம் போய்விடும், அதற்காகத்தான் மூடுகிறார் என்று நினைத்தேன். அப்பா அவருக்குத் தலையை அசைத்தார்.

மோட்டாரில் முன்னால் கூடை இருந்தது. அப்பா பெட்டியை அதில் வைக்கவில்லை. தன் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் வைத்தார். நான் அதைச் சுற்றிக் கைகளைப் போட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கனமே இல்லை. அன்று நான் கட்டிப்பிடித்துக்கொண்டு போனது என் தம்பியை என்று தெரிவதற்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. அம்மாவும் பாப்பாவும் எப்போது வருவார்கள், எந்தத் தொட்டிலைக் கட்டுவோம் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்பா மோட்டாரை உதைக்கும் முன் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"கெட்டியா புடிச்சுக்க ஆயி. மெதுவா, ஆட்டாம போலாம்."