முப்பத்தோராவது பிரதி

எங்கள் கடையில் அண்ணிக்குப் பெயர் சிஐடி. வைத்தது நான்தான். நாத்தனார் என்ற உரிமையில் வைத்தேன், ஊரே பிடித்துக்கொண்டது.

அந்த ஜெராக்ஸ் கடையில் மெஷின் அண்ணியுடையது. கத்தியும் ஸ்டேப்ளரும் இருக்கும் மேசை என்னுடையது. தாள் கட்டின்மேல் ஐந்நூறு என்று போட்டிருந்தால் அண்ணி அதையும் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார். வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வருபவர் கூடவே ராஜினாமாக் கடிதமும் நீட்டினால், ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்துவார். வீட்டில் என் அண்ணன் பாடு இன்னும் மோசம். அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறிப்பவர். மாலையில் ஷூவைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கிவிடும்.

"ஏன் இவ்ளோ நேரம்? எந்தத் தெரு? அது நேத்தே முடிஞ்சிடுச்சுன்னீங்களே?"

அண்ணன் திருதிருவென்று விழிப்பார். அந்த முழியைப் பார்த்தால், செய்யாத தப்பையும் செய்தவர் என்றுதான் தோன்றும்.

மாதத்தின் முதல் வாரம் கடைக்கு ஒருவர் வருவார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு மை. நாங்கள் படக்காரர் என்போம். பதினாறு பக்கப் படக்கதை, முப்பது பிரதி, நடுவில் மடித்து இரண்டு ஸ்டேப்ளர் பின். பதிப்பகம் கிடையாது, அவரே எழுதி, அவரே வரைந்து, தெரிந்தவர்களுக்குக் கொடுப்பவர்.

"வளந்த மனுஷன் படம் போட்டு முப்பது பேருக்குக் குடுக்கறார்னா, உள்ள என்னமோ இருக்கு" என்பார் அண்ணி.

"கதை இருக்கு அண்ணி."

"கதைன்னா கடையில விக்கலாமே?"

ஒரு நாள் மை திட்டாக விழுந்து ஒரு தாள் வீணானது. குப்பைக்கூடைக்குப் போகவேண்டிய தாளை அண்ணி கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். இடது பாதியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறாள். வாசலில் குடையோடு ஓர் ஆள். வலது பாதியில் அதே ஆள் ஷூவைக் கழற்றிப் போட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்மூடிக் கிடக்கிறார். குடையின் முறிந்த கம்பி நூலால் கட்டப்பட்டிருந்தது. காலுறையில் இடது பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"அந்த நூலைக் கட்டினது நான்" என்றார் அண்ணி.

அது என் அண்ணன்தான். முன்வழுக்கைகூட அப்படியே இருந்தது.

"இன்னிக்கே கேட்டுடுங்க அண்ணி."

"கேட்டா பொய் சொல்லுவாரு. இல்லன்னா உண்மையச் சொல்லிடுவாரு. ரெண்டையும் என்னால தாங்க முடியாது."

இத்தனை வருஷத்தில் அண்ணி பயந்து நான் பார்த்தது அன்றுதான். குழந்தையில்லாத வீடு அது; அவருக்கு இவர், இவருக்கு அவர், அவ்வளவுதான்.

அன்று மெஷின் முப்பதுக்குப் பதில் முப்பத்தொன்று அடித்தது. நான் பார்க்காததுபோல் இருந்தேன். அண்ணியே மடித்து, பின் அடித்து, கௌண்டர் சன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மடித்துக் கட்டும் புத்தகத்தில் விரித்த தாளின் நாலாம் பக்கத்துக்குப் பக்கத்தில் வருவது பதின்மூன்றாம் பக்கம். வேலைக்கு வரும் எல்லாருக்கும் முதல் நாளே அண்ணி கத்துவது இதைத்தான். அவரே நாலையும் பதின்மூன்றையும் அடுத்தடுத்த பக்கமாகப் படித்திருக்கிறார்! கதவைத் திறந்த பெண் ஏதோ ஒரு தெரு, ஏதோ ஒரு வீடு. மீட்டரைக் காட்டிவிட்டு ஐந்தாம் பக்கத்தோடு அவள் கதை முடிந்தது. நாற்காலி இருந்தது, அண்ணன் மீட்டர் குறிக்கப் போய்ப் பழகிய படக்காரரின் அறையில். பக்கத்தில் படக்காரர் மட்டும், தலை நிமிராமல் வரைந்துகொண்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பியிருந்தார். கண்மூடியபடியே அந்த ஆள் சொல்கிறார்: "இங்க உக்காந்தா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

கடைசிப் பக்கத்தில் சொல்லே இல்லை. ஆறு கட்டங்கள். ஆறிலும் அவர் தன் வீட்டு வாசலில் நிற்கிறார், உதடு அசைகிறது, விரல்விட்டுத் தெருக்களை எண்ணுகிறார். பதில் ஒத்திகை.

அண்ணி அந்தப் பக்கத்தைச் சாயங்காலம் வரை மூடவில்லை.

மறுநாள் படக்காரர் வந்தபோது, "ஒண்ணு கூடுதலா அடிச்சு நானே எடுத்துக்கிட்டேன்" என்று அண்ணி ஒப்புக்கொண்டார். தான் யார் மனைவி என்று மட்டும் சொல்லவில்லை. "எட்டாம் பக்கத்துச் சுவர்க் கடிகாரம் அஞ்சு. பதின்மூணுல அஞ்சரை. அரை மணி நேரம் அங்கேயே இருந்தாரா?"

படக்காரர் முகம் மலர்ந்தது. "அதைக் கவனிச்சது நீங்க ஒருத்தர்தாங்க."

அதன்பின் அவர் தன் நண்பர்கள் வரைந்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணி ஒவ்வொரு கட்டத்தையும் தடயம்போலத் துழாவினார். ஒரு சொல்லும் இல்லாத லிஃப்ட் கதை ஒன்றை மூன்று முறை பார்த்துவிட்டு, "இந்தப் பையைத் தூக்கிட்டு நிக்கறவ இறங்கவே இல்ல, பாத்தியா?" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். சந்தேகப்படுகிறவருக்கென்றே வரைந்ததுபோல இருந்தது எல்லாம். சாப்பிடும்போதும் கையில் ஒன்று இருக்கும்.

ஆனால் வீட்டில் வாயே திறக்கவில்லை. கேள்வி தொண்டை வரை வருவதும், காபி டம்ளரோடு அதை விழுங்குவதும் எனக்குத் தெரியும். அண்ணன் என்னை ஓரமாக அழைத்தார்.

"உன் அண்ணிக்கு என்ன ஆச்சு? பத்து நாளா ஒண்ணுமே கேக்கல. எதையாவது மறைக்கறாளா?"

"நீங்களே கேளுங்கண்ணா."

"எனக்குப் பயமா இருக்கு."

அடுத்த மாதம் தாள்களோடு படக்காரர் வந்ததும், அண்ணி கௌண்டருக்கு வெளியே வந்துவிட்டார். "இந்தத் தடவை அந்த ஆளு என்ன பண்றாரு?"

"நானா எதையும் போடறதில்லீங்க. நடந்ததைத்தான் வரைவேன்."

அண்ணி அடித்தார், மடித்தார், வரிசையாகத் திருப்பினார். இந்த முறை ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை. பதின்மூன்றில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. பதினான்கிலும் காலி. பதினைந்தில் படக்காரர் அதன்மேல் தாள்களை அடுக்கி வைக்கிறார். சுவரில் ஐந்தரை.

அண்ணி நிமிர்ந்தார். புருவம் பழையபடி ஏறியிருந்தது.

"அப்போ அந்த அரை மணி நேரம் எங்கதான் போறாரு?"

"அண்ணி, இந்த ஒரு மாசமா அண்ணன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர்றாரு?"

"அஞ்சரைக்கே வந்துடறாரு..." என்று தொடங்கினார். படத்துக் கடிகாரத்தை மறுபடி பார்த்தார். அப்புறம் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், படக்காரர் எதிரிலேயே அழுதார்.