வெளியே திறக்கும் கதவு

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் பாதுகாப்பு அதிகாரி. அவசர வழிக் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பவன். அப்படிப்பட்ட நான்தான், கடம்பத்தூரில் கட்டிய என் வீட்டில் ஷவருக்குக் கண்ணாடிக் கதவு போட வந்த தேவராஜிடம், "உள்பக்கம் தொறக்கிற மாதிரி வைப்பா. இல்லாட்டி தண்ணி வெளிய சொட்டும்" என்று பிடிவாதம் பிடித்தேன்.

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "உள்ள யார்னா மயங்கி உழுந்தா, அவங்க மேலயே கதவ இடிச்சிக்கினு நிப்பீங்களா சார்? உங்க கம்பெனில இப்படித்தான் வெச்சிருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. மனசில்லாமல்தான் சம்மதித்தேன். முதல் வாரமே போன் செய்து, "ரூமெல்லாம் தண்ணி, வந்து பாரு" என்று அவரைத் திட்டவும் செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, குளித்துக்கொண்டிருந்த என் மனைவி தலைசுற்றி விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கதவடியிலேயே சுருண்டு கிடந்தாள். கதவை வெளியே இழுத்து அவளைத் தூக்கிவிட்டேன். நான் கேட்ட கதவாக இருந்திருந்தால் அவளைத்தான் இடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

அவள் தேறியதும் தேவராஜுக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னா சார், இன்னும் தண்ணி சொட்டுதா?" என்றார்.

"சொட்டுது தேவராஜு. சொட்டட்டும்" என்றேன்.

தினமும் காலையில் அந்த ஈரத்தை இப்போது நான்தான் துடைக்கிறேன். அவள் குளித்துவிட்டு நடந்து போன ஈரம்.