மாயம்மாள் சீராகக் கொடுத்த மீன்

திண்டுக்கல் பக்கம் கண்மாய் குத்தகை எடுத்து மீன் வளர்ப்பவர்களுக்கு மாயம்மாளைத் தெரியாமல் இருக்காது. குஞ்சு வாங்க அவளிடம்தான் வருவார்கள். அவள் தொழில் மீனை வளர்ப்பதல்ல, வளரவிடாமல் வைத்திருப்பது. சின்னக் குளத்தில் கட்லா, ரோகு குஞ்சுகளை நெருக்கியடித்து விட்டு, ஒரு வருடம் அரை வயிற்றுக்குத் தீனி போடுவாள். விரல் நீளத்தோடு நின்றுவிடும். அதையே கண்மாயில் விட்டு வயிறாரப் போட்டால், கிடந்த பட்டினிக்கெல்லாம் சேர்த்துத் தின்று எட்டு மாதத்தில் கிலோவைத் தாண்டும். கொடுமையான வேலைதான். மீன் தின்கிற நான் அவளைக் குறை சொல்வதற்கில்லை.

இரண்டு வருடம் முன்பு கோடையில் அவளுடைய போர் வற்றிப்போனது. தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் சும்மா கிடந்த கிணற்றில் மோட்டாரை இறக்கினாள். தண்ணீர் மஞ்சளாக வந்தது. மீன் சாகவில்லை, அது போதும் என்று விட்டுவிட்டாள். பாழாய்ப்போன மீன் அன்றைக்கே செத்துத் தொலைந்திருக்கலாம்.

அந்த வருடம் தீனி கூடக்குறைய விழுந்தாலும் குஞ்சுகள் அப்படியே நின்றன. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். மாயம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. "சொன்ன பேச்சு கேக்குது பாருங்க. இம்புட்டு வருசத்துல இப்படி ஒரு குஞ்சு எனக்கு அமையல" என்று வருகிறவர்களிடமெல்லாம் அள்ளிக் காட்டினாள். குட்டையாக நிறுத்துவதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு, குட்டையாக நிற்பது எப்படி நோயாகத் தெரியும்?

கேட்டவர்களுக்கு அவள் கொடுக்கவில்லை. மகள் பவித்ராவுக்கென்று ஒதுக்கினாள். மருமகன் முகேஷ்குமார் அப்போதுதான் மில் வேலையை விட்டுவிட்டு, சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். அந்தக் குடும்பத்துக்கு இனி அந்த மீன்தான் சோறு. தாய்வீட்டுச் சீராக இருக்கட்டும் என்று குளத்தையே வழித்து அனுப்பினாள்.

எட்டு மாதம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் மூட்டை மூட்டையாகக் கண்மாயில் போயின. முகேஷ்குமார் இடையில் இரண்டு முறை போன் செய்தான். "பொறுங்க மாப்ள, பட்டினி கெடந்த குஞ்சு, ஒரேயடியா ஏறும்" என்றாள். வலை இழுத்த அன்று கரையில் வியாபாரிகள் கூடையோடு நின்றார்கள். வலையில் வந்ததெல்லாம் விரல் நீளம். ஒருவன் சிரித்தேவிட்டான்.

மீன்வளக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் இளவேனில் என்ற பெண் வந்து, மீனையும் இரண்டு இடத்துத் தண்ணீரையும் எடுத்துப்போனாள். முடிவோடு திரும்பி வந்து, மாயம்மாளும் நிற்கக் கரையிலேயே வைத்துப் பவித்ராவிடம் சொன்னாள். "இந்தக் கண்மாய்த் தண்ணி நல்ல தண்ணி. உங்கம்மா பாய்ச்சின கிணத்துலதான் குரோமியம் இருக்கு, காட்மியம் இருக்கு. வளரச் சொல்றது, சினை பிடிக்கச் சொல்றது எல்லாம் ஹார்மோன்தான். குஞ்சுலயே அதைக் கெடுத்துருச்சு. பொட்டை மீனைக் கீறிப் பார்த்தேன், சினையே கட்டல."

"இனிமே நல்லா தீனி போட்டா?" என்று மாயம்மாள் கேட்டாள்.

"என்ன போட்டாலும் ஏறாதும்மா. யாரும் திங்கவும் கூடாது."

"எனக்குத் தெரியாதுடி" என்று மாயம்மாள் மகளைப் பார்த்தாள். பவித்ரா கத்தவில்லை. "சின்னப்புள்ளைல அந்தக் கெணத்துத் தண்ணியக் கால்ல ஊத்துனதுக்கு வெளக்கமாத்தால அடிச்சியேம்மா. தெரியாமயா அடிச்ச?" என்றாள்.

எனக்கு அவள்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் கரைக்குப் பக்கத்தில் முகேஷ்குமார் குழி வெட்டினான். மீன்களைத் துடிக்கத் துடிக்கக் கொட்டி மூடினார்கள். மாயம்மாளும் கூடை சுமந்தாள். நீ தூக்காதே என்று யாரும் சொல்லவில்லை.