பனி ஓயாத படுகை

எங்கள் ஜூலியட் அண்ணியைப் போல ஓர் அழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. முடியாது என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். ஆனால் செய்யவும் மாட்டாள். வயதில் என்னைவிட இளையவள். குழந்தைராஜ் அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் முட்டல்தான். பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கு எல்லாமே அண்ணன் சொல்வதுதான்.

கொள்ளிடக் கரையில் அண்ணனுக்கு ஒரு துண்டுப் படுகை இருந்தது. தை பிறந்தால் அந்த மணலில் குழி பறித்து வெள்ளரி போடுவான். ஊட்டி மாதிரி புல்லே உறைந்துபோகிற பனியெல்லாம் எங்கள் பக்கம் கிடையாது. கடல் கிட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் தைப் பனி வெள்ளரிக் குருத்துக்கு ஆகாது. பனி ஓயும் முன் போட்டால் இலை வெளுத்துச் சுருண்டுவிடும். ரொம்பவும் தள்ளிப் போட்டால் ஆறு வற்றி, மணல் சுட்டு, பிஞ்சிலேயே கசந்துபோகும். நடுவில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நாளைப் பிடிப்பதில்தான் பிழைப்பு இருக்கிறது.

அதற்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தான். பொழுது சாய்ந்ததும் தன் பழைய வேட்டியை வைக்கோல் போரின்மேல் விரித்துவிடுவான். விடிந்ததும் தொட்டுப் பார்ப்பான். ஈரம் இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுவான். தொடர்ந்து சில விடியல் காய்ந்து கிடந்தால், அன்றைக்கே சுரைக்குடுக்கையைக் கவிழ்த்து, சாம்பலில் போட்டு வைத்த விதையை எடுப்பான். எங்கள் அப்பா காலத்து வரி வெள்ளரி அது. ஊரில் வேறு யாரிடமும் அந்த விதை இல்லை.

ஊரே பாஸ்போர்ட் எடுக்க அலைந்த தொண்ணூற்று நாலில் அவனும் கொத்து வேலைக்கு மஸ்கட் போனான். போகும்போது அண்ணியிடம், “நான் போன் பண்ணிச் சொல்றேன், அதுக்கு முன்னாடி விதையத் தொடாத” என்று சொல்லிவிட்டுப் போனான். தை மாதம் ஜெகபர் அலி பாயின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். அண்ணி ஓடுவாள்.

“வேட்டி நனைஞ்சுதா?”

“இன்னும் நனையுதுங்க.”

“பொறு.”

அடுத்த வாரம் மறுபடி கேட்பான். “காஞ்சிடுச்சுங்க” என்றால், “போட்டுடு” என்பான். அவ்வளவுதான் பேச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு கொள்ளிடக் கரையில் விதைத்தான் என் அண்ணன்.

தொண்ணூற்றெட்டு மார்கழியில் சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அண்ணி அழவில்லை. அடுத்து வந்த கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றியபோது, இவள் வாங்கிப்போனதை ஏற்றாமலே திரும்பக் கொண்டுவந்தாள். எங்கே ஏற்றுவாள், பாவம்.

படுகை சும்மாவே கிடந்தது. அவன் செத்த பிறகு மூன்றாவது தையும் வந்து போயிற்று. மாசி பாதி தாண்டியும் விதைக்கவில்லை என்று கேள்விப்பட்டு, நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நான் இருக்கும் குத்தாலத்திலிருந்து பஸ் ஏறினேன். காலையில் போய் இறங்கினால் வைக்கோல் போரின்மேல் அண்ணன் வேட்டி. தொட்டேன். சொட்டச் சொட்ட ஈரம். பக்கத்திலேயே வைக்கோல் மொரமொரவென்று காய்ந்து கிடக்கிறது. ‘அண்ணா’ என்று என்னையறியாமல் கூப்பிட்டுவிட்டேன்.

அவளைத் தனியே விடப் பயந்து அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் விடியலில் வெளியே வந்தபோது, அண்ணி ஒரு செம்போடு போரடியில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளி வேட்டியின்மேல் தெளித்துக்கொண்டிருந்தாள், கோயிலில் சாமியார் தீர்த்தம் தெளிப்பது போல, பொறுமையாக.

“என்ன அண்ணி பண்றீங்க?”

“பனி இன்னும் ஓயல அரசி.”

“மாசி வெயில் மண்டையப் பொளக்குது, பனியாவது!”

“ஓஞ்சிடுச்சுன்னா அவரு போன் பண்ணணுமே” என்றாள்.

திட்டத்தான் போயிருந்தேன். பனி ஓயாத வரைக்கும் அவளுக்கு அவன் சாகவில்லை. இன்னும் போன் பண்ணவில்லை, அவ்வளவுதான். “இந்த வருஷமும் போடலேன்னா விதை செத்துடும் அண்ணி. அப்பா குடுத்தது. அண்ணன் கையில இருந்ததுன்னு மிச்சம் அது ஒண்ணுதான்” என்றேன். “அவரு சொல்லாம போட மாட்டேன்” என்றாள். அழுத்தக்காரி என்று சொன்னேனே.

குத்தாலம் திரும்பியதும் நேரே பூத்துக்குப் போனேன். ஜெகபர் அலி பாய்க்கு அடித்து, அண்ணியைக் கூப்பிடச் சொன்னேன். என்ன பேசுவது என்று யோசிக்கவே இல்லை. மூச்சு வாங்க ஓடிவந்து ரிசீவரை எடுத்தவள், யார் என்றுகூடக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது.

“காஞ்சிடுச்சுங்க” என்றாள்.

என் அண்ணியிடம் நான் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. அன்றைக்கு என் தொண்டையிலிருந்து, கட்டையாக, அண்ணன் சொல்வது போலவே வந்தது: “போட்டுடு.”

“சரிங்க” என்று வைத்துவிட்டாள்.

மறுநாளே விதைத்தாள். பாதிக்குமேல் முளைக்கவில்லை, முளைத்தது நன்றாகக் காய்த்தது. சித்திரையில் ஒரு கூடை வெள்ளரியோடு என் வீட்டுக்கு வந்தாள். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் செருப்பைத் தேடியபடி, “அடுத்த வருஷமும் நீயே போன் பண்ணிடு அரசி” என்றாள். அவள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது பூத் இல்லை, ஆளுக்கொரு செல்போன். மற்ற நாளில் “என்னடி, கால்வலி எப்படி இருக்கு?” என்று பேசுகிறவள், தை மாதத்து அந்தப் போனில் மட்டும் குரல் மாறிவிடுவாள். நானும் மாறிவிடுகிறேன். ‘வேட்டி நனைஞ்சுதா’ என்று கேட்டு முடிக்கும்போது கேட்டது யார் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இந்த வருஷம், “காஞ்சிடுச்சுங்க” என்று சொன்னவள், வழக்கம்போல வைத்துவிடவில்லை.

“நீங்க அங்க வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா?” என்று கேட்டாள்.

“சாப்பிடுறேன். நீ போட்டுடு” என்றேன்.