குஞ்சுகள் குடிபோன வீடு

கடம்பத்தூரில் என் அண்ணி செங்கம்மாள் கோழிப்பண்ணை வைத்தபோது ஊரே சிரித்தது. முட்டைகள் ரயிலேறிச் சென்னைக்குப் போனதும் அதே ஊர் வாயை மூடிக்கொண்டது.

1975இல் பாதி வளர்ந்த கோழிகள் விழ ஆரம்பித்தன. ஒரு காலை முன்னேயும் மறு காலைப் பின்னேயும் நீட்டியபடி எழ முடியாமல் கிடக்கும். எங்கள் பக்கத்தில் சீக்குக்கோழி சாவதற்குள் குழம்பாகிவிடும். அண்ணியும் குஞ்சுக் கொட்டகை வாசலிலேயே இறகு பிடுங்கி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கறி கொடுத்தாள். அந்தக் கொட்டகையில் வளர்ந்த குஞ்சுகளும் பிறகு அதேபோல் படுத்தன.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஆதிநாராயணன் ஒரு கோழியை அறுத்துக் காட்டினார். தொடை நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது.

“இது வைரஸ்மா. நோயை எதுக்கற ரத்த அணுவுக்குள்ளயே பூந்துக்குது. எப்போ பெருகணும், எப்போ நிறுத்தணும்னு அதுக்கு வர்ற கட்டளையையே மாத்திடுது. காவல் காக்கவேண்டியதே கட்டியா வளந்து நரம்பை நசுக்குது. கோழிக்கு வர்ற கேன்சர்னு வெச்சுக்கோ. பரவுறது இறகுத் தூசியில.”

அண்ணியின் முகம் செத்துவிட்டது. “அப்போ வாசல்ல இறகு புடுங்கி நானே தூவி உட்டுக்கீறேன், சார்.”

பொரித்த அன்றே போடும் புது ஊசி வந்திருப்பதாக டாக்டர் சொன்னார். ஆனால் அது வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை பழைய தூசி குஞ்சின்மேல் படக்கூடாதாம்.

கொட்டகைக்குத் தள்ளி இருந்த ஒரே கூரை, அப்போதுதான் கட்டி முடித்த வீடு. பால்கூடக் காய்ச்சவில்லை. அண்ணி அதைக் குஞ்சுகளுக்கென்று ஒதுக்கினாள். நோய் வெளியே தெரியாமலே தூசியைப் பரப்பும் என்பதால், நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகளையும் சேர்த்துக் கொன்று, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். ஆடித் திருவிழாவுக்குக் கறி கேட்டு வந்த சொந்தத் தம்பியைக்கூட வெறுங்கையோடு விரட்டினாள்.

அண்ணன் முனிகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டான். “இன்னாடி, பைத்தியமா? இந்தக் குஞ்சும் பூட்டா சோத்துக்கு இன்னா பண்றது?”

“நாத்து நட, களை பறிக்க ஆளா தேடுறாங்க. நான் போறேன்.”

போகவும் செய்தாள். சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் மருந்து வந்தது. அன்று பொரித்த புதுக் குஞ்சுகள் வீட்டில் வந்து இறங்கியதுமே டாக்டரோடு உட்கார்ந்து ஊசி போட்டாள். குளித்து வேறு புடவை மாற்றாமல் உள்ளே கால் வைக்கமாட்டாள். குளிக்காமல் எட்டிப் பார்த்த என்னை விளக்குமாற்றால் துரத்தினாள். எனக்குக் கோபம்தான். ஆனாலும் அந்தப் பிடிவாதம் எங்கள் குடும்பத்து ஆண்களில் ஒருவனுக்கும் கிடையாது.

முன்பு கோழிகள் விழுந்த வயது இவற்றுக்கும் வந்தது. அன்று காலை கதவைத் திறக்க அண்ணிக்குக் கை வரவில்லை. அண்ணனை அனுப்பிவிட்டு வெளியிலேயே நின்றாள்.

உள்ளேயிருந்து அண்ணன் கத்தினான். “ஏ செங்கா, அல்லாமே ஓடிக்கினு கீது! காலை மிதிக்குது, வந்து பாரு!”

ஊரே கேட்கும்படி வாய்விட்டு அழுதுகொண்டே அண்ணி உள்ளே ஓடினாள். அன்றைக்கு மட்டும் குளிக்க மறந்துவிட்டாள்.