சென்னியம்மாள் தொடாத சுவர்

வெண்ணந்தூருக்குத் தெற்கே ஒரு கிணற்றுத் தோட்டத்தில் பிறந்தவள் சென்னியம்மாள். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. தரையில் நடக்க ஊன்றுகோல் வேண்டும். தண்ணீரில் ஒன்றும் வேண்டாம். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கல்கட்டுக் கிணற்றில் இறங்கியவள், அடுத்த மழைக்குள் குடுக்கையை அவிழ்த்துவிட்டாள்.

கால் ஊனமுற்றவர்களுக்கு நாடுவிட்டு நாடு போய் நீந்தும் போட்டிகள் இருப்பதே, சேலத்து நீச்சல் குளத்தில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த வெங்கடாசலம் சொல்லித்தான் அவள் அண்ணன் தங்கசாமிக்குத் தெரியும். அண்ணன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் எதையும் நுணுகிப் பார்க்காமல் விடமாட்டார். மெட்லி என்ற பந்தயம் அவருக்குப் பெரிய வியப்பாக இருந்தது. ஒரே பெண் முதலில் பட்டாம்பூச்சி போல நீந்த வேண்டும், பிறகு மல்லாந்து, பிறகு தவளை போல, கடைசியில் இஷ்டப்படி. எதற்கு இப்படி என்று கேட்டார். ஒரே ஆளுக்கு நாலு வேலையும் வருமா என்று பார்க்கத்தான் என்றார் வெங்கடாசலம்.

“அப்ப எங்கூட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் மெட்லிதானுங்க” என்றார் தங்கசாமி.

எண்பத்து நாலில் சென்னையில் நடந்த போட்டியில் சென்னியம்மாள் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். ஆனால் நடுவர் கையைத் தூக்கி, செல்லாது என்றுவிட்டார். ஒவ்வொரு நீச்சலும் முடியும்போது குளத்துச் சுவரைத் தொட வேண்டும். அவள் ஒரு சாண் முன்னதாகவே திரும்பிவிட்டாள். வெளிநாட்டுக்கு யார் போவது என்று முடிவு செய்யும் போட்டி தை மாதம். அதிலும் இப்படிச் செய்தால் அத்தோடு போச்சு.

மெதுவாக வந்தால் தொடுவாள். வேகம் பிடித்தால் தொடமாட்டாள். கண் பார்வைக் கோளாறாக இருக்கும் என்று வெங்கடாசலம் டாக்டரிடம் அனுப்பினார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த தங்கசாமிக்கும் பிடிபடவில்லை.

“அங்க மட்டும் ஏஞ்சாமி தொடாமத் திரும்பற?”

“தெரியலீங்கண்ணா. கை தானா மடங்கிக்குது.”

ஒருநாள் மாலை, பெண்கள் எல்லோரும் கரையேறிய பிறகு, தங்கசாமி அனுமதி கேட்டுக்கொண்டு கோடுபோட்ட டிராயரோடு குளத்தில் இறங்கினார். அந்தச் சுவரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தானே பார்த்துவிட வேண்டும். எதிர்க் கரைவரை வீசி நீந்திப் போய்த் திரும்பினார்.

கரையில் குந்தியிருந்த வெங்கடாசலம் சிரித்தார். “ஏங்க, நீங்களும் தொடலையே!”

“தொட்டனுங்களே?”

“இன்னொரு தடவை வாங்க.”

இந்த முறை தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். சுவர் கிட்டே வந்ததும் விரல்கள் உள்ளே மடங்கின. அப்போதுதான் புரிந்தது. கிணற்றின் கல் இடுக்குகளில் பாம்பு இருக்கும், குளவி இருக்கும். அந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிடும்போதே, சுவரில் கை வைக்காதே, படிக்கல்லை மட்டும் பிடி என்று மேலிருந்து கத்துவார்கள். அண்ணனும் தங்கையும் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

இனிக் கிணற்றுப் பக்கமே அவளை விடாதீர்கள் என்றார் வெங்கடாசலம். தங்கசாமிக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே ஒட்டிக்கொண்ட பயம் அங்கேதான் போக வேண்டும் என்று நினைத்தார். மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்தார். கயிறு கட்டி இறங்கி, பொந்து பொந்தாகக் கல்சில்லு திணித்து, சிமெண்டு வைத்துப் பூசினார். பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணன் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி கண்ணாலத்துக்கு ஊட்டப் பூசுவாங்க. நீ என்றா கெணத்தப் பூசற?”

அந்த நேரம் பார்த்து ஒரு பொந்திலிருந்து பாம்பு ஒன்று நீண்டு வெளியே வந்து, கல்லுக்குக் கல் தொற்றி மேலேறிப் போயிற்று. சின்னண்ணனை அதன் பிறகு அந்தப் பக்கம் காணோம்.

தண்ணீர் ஊறி ஏறியதும் தங்கையைக் கூப்பிட்டார். “எல்லாத்தையும் அடைச்சுட்டேன் அம்மிணி. நீயே தடவிப் பாத்துக்க.”

அவள் சுவரோரமாகவே நீந்தி, பூசிய இடம் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு எதிர்ப்படியிலிருந்து பாய்ந்து வந்து, இரண்டு கையாலும் சுவரில் பளாரென்று அறைந்தாள். மார்கழிக் குளிரிலும் அதை விடாமல் செய்தாள்.

தை மாதம் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிநாட்டுக் குளத்தில் ஐந்தாவதாக வந்தாள். சேலம் ஜங்ஷனில் இறங்கியவளிடம் எல்லோரும் எத்தனையாவது என்று கேட்டார்கள். தங்கசாமி பெட்டியை வாங்கிக்கொண்டு, “தொட்டயா அம்மிணி?” என்றார்.

“ஒண்ணு விடாமத் தொட்டனுங்கண்ணா. செவுரு அத்தனை வழவழப்பு. ஒரு பொந்து கூட இல்லீங்க.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள், ஊர் நெருங்கும்போது கேட்டாள். “ஏனுங்கண்ணா, அந்தப் பாம்பு இப்ப எங்க இருக்கும்?”

தங்கசாமியும் அதை யோசித்து வைத்திருந்தார்.

“சின்னண்ணன் கெணத்துலதான். அவன் இன்னும் பூசலையே.”