மில்லுக்காரம்மாவுக்குக் கேட்காத கதவு

என் அக்கா காது மெஷின் கடையில் வேலை பார்க்கிறாள். மெஷின் விற்கிறாள் என்று யாராவது சொன்னால் மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். காதைச் சோதித்து, உள்ளே ரோஸ் நிறப் பசையை விட்டு அச்செடுத்து, அதற்கேற்ற மெஷினைப் பொருத்தி, கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பது அவள் வேலை. படித்ததும் அதற்குத்தான். வருகிறவர்கள் எல்லோரும் "டாக்டரம்மா" என்பார்கள். "நான் டாக்டர் இல்லீங்க" என்று அக்கா சொல்வாள். அது அவர்களுக்குக் கேட்காது. அப்படியே டாக்டரம்மாவாக நிலைத்துவிட்டாள்.

அவளுக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் பழைய படம். அதிலும் பேய்ப் படமும் ராக்கெட் படமும்தான். கறுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். ராக்கெட் அட்டையில் செய்ததாக இருந்தாலும் பரவாயில்லை. ராட்சத மிருகத்தின் முதுகில் ஜிப் தெரிந்தாலும் அவள் கண்டுகொள்ள மாட்டாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

ஆனால் கூட உட்கார ஆள் இல்லை. அத்தான் ஆறடி உயரம், குடிநீர் ஆபீசில் எல்லோரையும் அதட்டுகிற ஆள். பேய்ப் படத்தின் டைட்டில் மியூசிக் வந்தாலே எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். அக்கா வீட்டுப் பாத்திரங்கள் பளபளவென்று இருப்பதற்கு அதுதான் காரணம். மகளோ, "இதுக்கா பயப்படுற? எனக்குச் சிரிப்புதாம்மா வருது" என்பாள். நானும் உபயோகமில்லை, படம் போட்ட பத்தாவது நிமிஷம் குறட்டை விடுவேன். அதனால் அக்கா ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தனியாகப் பயந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். அறுபதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, காதோர முடியில் துடைத்தும் போகாத மாவு. புருஷன் போன பிறகும் மாவு மில்லைத் தானே நடத்துகிறவர். மகன் கையைப் பிடித்து இழுத்து வராத குறையாகக் கூட்டி வந்திருந்தான். "வீட்ல கத்திக் கத்தியே தொண்டை போச்சு மேடம். கேட்டா, காது நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் முணுமுணுக்கிறீங்கன்னு சொல்றாங்க."

சோதனை அறை என்பது ஒரு பெட்டி. சுவரெல்லாம் பஞ்சு, கனமான கதவு, ஒரு சின்னக் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்து ஹெட்போனில் 'பீப்' கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அம்மா டாண் டாணென்று தூக்கினார். அக்காவுக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. சந்தேகப்பட்டு, சத்தத்தை அணைத்துவிட்டுச் சும்மா பட்டனை அழுத்திப் பார்த்தாள். அப்போதும் கை தூக்கினார். கண்ணாடி வழியாக அக்காவின் தோள் அசைவதைப் பார்த்துத் தூக்கியிருக்கிறார்!

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டதும் வேஷம் கலைந்தது. கனத்த சத்தமெல்லாம் ஓரளவு கேட்டது. மெல்லிய, கூரான சத்தம் ஒன்றுகூட இல்லை. மில் இரைச்சலிலேயே காலம் தள்ளியவர்களுக்கு அப்படித்தான் ஆகும்.

மகனுக்குப் போன் வந்து அவன் வெளியே போனான். அக்கா எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கொஞ்சம் உரக்கக் கேட்டாள். "முக்கியமா எந்தச் சத்தம் கேக்காம கஷ்டப்படுறீங்க? காலிங் பெல்லா? போனா?"

அம்மா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ரகசியம் சொன்னார். காது கேட்காதவர்களின் ரகசியம். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கதவு கேக்கலை டாக்டரம்மா."

"வாசக் கதவா?"

"இல்ல. பங்களாக் கதவு."

அக்காவுக்குப் புரியவில்லை.

"படத்துல வருமே, பேய்ப் பங்களா. முன்னெல்லாம் கதவு 'கிரீச்'சுன்னதும் தலகாணியை எடுத்து மூஞ்சியில வெச்சுக்குவேன். இப்ப அது கேக்க மாட்டேங்குது. சொல்லாம கொள்ளாம பேய் வந்து எதிர்ல நிக்குது! பயப்படக்கூட நேரம் குடுக்க மாட்டேங்குதே, இது என்ன நியாயம்?"

அக்கா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "எந்தப் பங்களா? மலை மேல இருக்குமே, பாட்டு டீச்சர் குடிவர்ற வீடா?"

"மாடியில ஒரு அலமாரி இருக்கும்!"

"அதுக்குள்ள இருந்து கை மட்டும் வரும்!"

"மோதிரம் போட்ட கை!" என்றார் அம்மா, நாற்காலியை விட்டே எழுந்து.

மகன் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் கையை நீட்டிக் கழுத்தை நெரிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள். இது என்ன சோதனை என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மெஷின் பொருத்தியாயிற்று. கொஞ்ச நாளில் மகனிடமிருந்து போன். "அம்மா அதைக் கழட்டி அரிசி டின்னுல போட்டு மூடிட்டாங்க மேடம்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குத் திரும்பும் வழியில் மில்லில் இறங்கினாள். உள்ளே பெல்ட் ஓடுகிற இரைச்சலில் தரையே அதிர்ந்தது. வந்தவர்கள் நைசாக வேண்டுமா, கொரகொரவென்று வேண்டுமா என்பதை விரலாலேயே சொன்னார்கள். நடுவில் புருவம் முதல் பாதம் வரை வெள்ளையாக நின்றார் அம்மா. இவரே பாதிப் பேய்தான் என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

மில்லை நிறுத்திவிட்டு அம்மா கொட்டித் தீர்த்தார். "அதைப் போட்டா செருப்புச் சத்தம் கேக்குது, பேப்பர் கசங்குறது கேக்குது. மருமக போன்ல என்னைப் பத்திப் பேசுறதும் கேக்குது. கேக்காம இருந்தப்ப அவ மேல எவ்ளோ பிரியமா இருந்தேன் தெரியுமா!"

"சரி, கதவு கேட்டுச்சா?"

"அது மட்டும் கேக்கலை."

அது அக்காவின் ரோஷத்தைக் கிளறிவிட்டது. "சனிக்கிழமை கடை அரை நாள்தான். மத்தியானம் வாங்கக்கா. அந்தப் படத்தையே போட்டு உட்கார்ந்து சரி பண்ணிடுவோம்."

"படம் போட்டுக் காட்டியா காதைப் பார்ப்ப?" டாக்டரம்மா அன்றோடு போய்விட்டாள், அம்மா 'நீ'க்கு இறங்கிவிட்டார். என் அக்காவுக்கும் ஒரு அக்கா கிடைத்தாள்.

முதலாளியிடம் அனுமதி கேட்டு, சோதனைப் பெட்டிக்குள் லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் வைத்தாள். ஒருவர் உட்காருகிற இடத்தில் இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அலமாரிக் கதவு திறக்கும் இடம் வந்ததும் படத்தை நிறுத்துவாள், மெஷினில் கூரான சத்தத்தை ஒரு பிடி கூட்டுவாள், மறுபடி ஓட்டுவாள். "கேட்டுச்சா?" "இல்ல." மறுபடி. அலமாரியைத் திறந்து திறந்து மூடி, அந்தப் பேய்க்கே அலுத்துப்போயிருக்கும். மற்ற நேரத்துக்கு ஒன்று, மில்லுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று மூன்று விதமாக மெஷினில் பதிந்து வைத்தாள். மூன்றாவதை இன்னும் கொஞ்சம் கூர்தீட்டிவிட்டு, படத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து ஓட்டினாள்.

பாட்டு டீச்சர் மாடியேறினாள். விளக்கு அணைந்தது. அம்மாவின் கை அக்காவின் முழங்கையைக் கவ்வியது.

"வந்துடுச்சு! ஏய், கேக்குதுடி! கதவு திறக்குது!"

சொல்லி முடிப்பதற்குள் மோதிரக் கை வந்துவிட்டது. இரண்டு பேரும் உயிர் போகிற மாதிரி அலறினார்கள். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வராது. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்கு, கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வாயைப் பிளந்துகொண்டிருப்பது மட்டும்தான் தெரிந்தது. கரண்ட் ஷாக் என்று நினைத்து மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார் பாவம்.

அக்கா அன்று வீட்டுக்கு வந்தபோது முழங்கையில் நகக்குறி, முகத்தில் பத்து வயது குறைந்த சிரிப்பு. வாய்விட்டு அலறி எத்தனை காலம் ஆயிற்றோ.

அதன் பிறகு சனிக்கிழமை மத்தியானம் அவர்களுடையது. மெஷின் சரியாகிவிட்டதால் பெட்டி தேவையில்லை. மில்லுக்காரம்மா வீட்டு முன்னறைக்கு மாறினார்கள். ஒரு வாரம் அவருடைய பேய், மறு வாரம் அக்காவின் ராக்கெட் என்று ஒப்பந்தம். அம்மாவுக்கு ராக்கெட் பிடிக்காது. "ஆகாசத்துல நமக்கென்னடி வேலை? இவ்ளோ பெரிய ராக்கெட்ல ஒருத்தனாவது பெருக்குறானா பாரு. தூசியெல்லாம் எங்க போகும்?" மாவுக்குள்ளேயே வாழ்ந்தவருக்கு அந்தச் சந்தேகம் நியாயம்தான்.

ஒரு வாரம் அக்கா போட்ட படத்தில் ஒரு கிரகம் வந்தது. அங்கே காற்று கனமாம். பேசியது எதுவும் உடனே கேட்காது, மறுநாள் காலையில்தான் வந்து சேரும். இறங்கிய ஆட்களில் ஒருவன் செத்துப்போகிறான். மறுநாள் காலை மற்றவர்கள் காலி மைதானத்தில் நிற்கும்போது அவன் கடைசியாகச் சொன்னது மிதந்து வருகிறது.

அம்மா அன்று தூசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படம் முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் போறப்போ என்னமோ சொன்னாருடி. உதடு அசைஞ்சுது. எனக்குக் கேக்கலை. கேட்ட மாதிரி தலையை ஆட்டிட்டேன்."

அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்லியிருப்பாருக்கா?"

அம்மாவின் உதட்டோரம் மெல்லச் சிரிப்பு துடித்தது. "ஃபேனைக் குறைன்னுதான் சொல்லியிருப்பாரு. எங்களுக்குள்ள எப்பவும் அதுதான் சண்டை. நானும் பெரிசா தலையை ஆட்டினேனே தவிர, குறைக்கலை."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்களா, அழுதுகொண்டே சிரித்தார்களா என்று அக்காவுக்கே தெரியவில்லையாம். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்த மருமகள் வந்து அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். அந்தப் படத்தை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னதும் அவள்தான். அதிலிருந்து அவளும் சேர்த்தி. பேய் வந்தால் மாமியாரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள் என்று கேள்வி.

போன மாதம் ஊருக்குள் ஒரு பழைய தியேட்டரில் ராட்சத மிருகப் படம் ஒன்றை ஒரு நாள் மட்டும் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், தூக்கத்துக்குப் பயந்து போகவில்லை. ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன். பின்னணியில் மில்லுக்காரம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"எங்க இருக்க?" என்று கேட்டேன்.

"பஸ் டிப்போவுல. வண்டி கடைசி ஸ்டாப்புக்கே வந்துடுச்சு."

"இறங்க வேண்டிய இடத்துல இறங்கலையா?"

"எப்படி இறங்குறது? அந்த மிருகம் பாவமா இல்லையான்னு பேசிட்டு வந்தோம். கட்டடத்தை இடிச்சதுக்கு அதைக் கொன்னதே தப்புன்னு நான் சொல்றேன். அக்கா ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

"அந்தக் கட்டடத்துக்கு யாரு காசு குடுப்பா?" என்று அம்மா போனுக்குப் பக்கத்தில் வந்து கேட்டார். "நீயே சொல்லும்மா, நியாயம் யார் பக்கம்?"

நான் படம் பார்க்கவில்லை என்றேன். "படம் பார்க்காத கண்டக்டரே என் கட்சி!" என்று அக்கா கத்தினாள். அடுத்த பஸ் வந்துவிட்டது போலிருக்கிறது. போனை வைக்க மறந்து, இருவரும் வாதாடிக்கொண்டே ஏறும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.